தெரிந்தவர் யார்?

“இந்த ஊர்ல உங்களைத் தெரிஞ்சவங்க ஆரு?” என்று கேட்டேன்.

வாசலில் நின்றவர் விழித்தார். பக்கத்தில் மனைவி, கைக்குழந்தை, ஒரு தகரப்பெட்டி.

“ஆருமில்லீங்க. எம்பேரு குப்பண்ணன். வண்டிச் சக்கரம் செய்யற ஆசாரி. காங்கயத்துப் பக்கம் மூணு வருசமா மழையில்லீங்க. உங்க பொறவாச ஊடு காலியா இருக்குதுன்னு சொன்னாங்க…”

“இது பாலக்காட்டு டவுனுங்க. தெரிஞ்சவங்க ஒருத்தர் ‘நம்ம ஆளு’ன்னு சொன்னாத்தான் ஊடு. அதான் இங்கத்த வழக்கம்.”

இப்படிச் சொன்ன நல்லதம்பியாகிய நான், பல்லடத்துக்காரன். அப்போது 1927. நான் பாலக்காட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷம். அதற்குள் இந்த ஊரே என்னால்தான் நடக்கிறது என்று ஒரு நினைப்பு. பேச்சில் அங்கங்கே மலையாளம் வேறு தூவுவேன். மலையாளிகளுக்கு அது புரிவதில்லை.

“பற்றில்லா!” என்று, முடியாது என்பதை மலையாளத்திலும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன்.

பக்கத்து மளிகைக்கடையிலிருந்து ஐசும்மா அக்கா எட்டிப் பார்த்தார். கடைக்கார நூர்தீன் ராவுத்தரின் மனைவி.

“அட, குப்பண்ணனா! தம்பி, இவரு நம்ம ஆளுதான். நான் பொறுப்பு.”

ஐசும்மா அக்கா சொன்னால் எங்கள் தெருவில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. சாவியைக் கொடுத்தேன்.

ஆறே மாதத்தில் குப்பண்ணனின் பட்டறை வாசலில் வண்டிகள் வரிசை கட்டின. ‘பாத்ததுமே ஆளை எடை போட்டுட்டேன்’ என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் குப்பண்ணனிடம் கேட்டேன். “ஐசும்மா அக்கா உங்களுக்கு எப்படிங்க பழக்கம்?”

“பழக்கமா? அன்னைக்குத்தானுங்க மொதல்மொதல்ல பாத்தேன். நாம பேசுனதைக் கேட்டுப் பேரைப் புடிச்சுக்கிட்டாங்களாட்ட இருக்குது.”

நேரே கடைக்குப் போனேன்.

“என்னக்கா இது! முன்னபின்ன தெரியாத ஆளுக்கா பொறுப்பேத்தீங்க? நான் வந்தப்ப எனக்குன்னு ஒருத்தரும் பேசல. மூஞ்சியப் பாத்தே ஊடு குடுத்தாங்க, தெரியுமா?”

அக்கா சிரிப்பை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

“அப்படியா தம்பி? அன்னைக்கு ஊட்டுக்காரரு நேரா எங்க கடைக்குத்தான் வந்து விசாரிச்சாரு. ‘நம்ம ஆளுதான், தைரியமாக் குடுங்க’ன்னு ராவுத்தர் சொல்லி அனுப்பிட்டு, என் பக்கம் திரும்பிக் கேட்டாரு: ‘ஆரு புள்ளே அது?’”