மூன்றாம் பாகத்துக் கோட்டை

"இதை யாரும்மா கட்டினது?"

கேட்டவரின் குரலில் கொலைக் கேசு விசாரிக்கிற கண்டிப்பு.

"என் பையன்தான் சார்" என்றாள் அந்த அம்மா.

"பொம்மையோட வந்த கையேட்டைப் பார்த்தானா, இல்லையா? பாலம் வாசல்ல இருக்கணும். இவன் கோபுரத்து உச்சியில கொண்டுபோய் வச்சிருக்கான். டிராகன் வெளியே காவல் காக்கணும். இங்க என்னடான்னா ராஜாவோட கட்டில்ல படுத்துத் தூங்குது. ராஜா தரையில!"

பக்கத்தில் நின்ற அவள் தம்பி லேசாகச் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

நண்பர்கள் வட்டாரத்தில் அவருக்குக் 'கையேட்டார்' என்றுதான் பெயர். கட்டட வரைபடம் போடுகிற வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் பிளாஸ்டிக் கட்டைகள். ஒரு டிராகன் படத்தொடருக்காக வந்த கட்டுமானப் பொம்மைகளை முதல் பாகத்திலிருந்து சேர்த்து வைத்திருந்தார். முதல் பாகத்து வீரர்களுக்கு மஞ்சள் முகம், அடுத்த பாகத்திலிருந்து மனித நிறம். எந்த டிராகனுக்கு இறக்கை அசையும், எதற்கு அசையாது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு கட்டை இடம் மாறி உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

நூலகத்துக் கூடத்தில் கண்காட்சி வைக்க இடம் கிடைத்திருந்தது. ஐந்து பாகத்துக்கும் வரிசையாகப் பொம்மைகள். இல்லாதது மூன்றாம் பாகத்துக் கோட்டை மட்டும்தான். படம் படுத்துவிட்டதால் கம்பெனி அதை அதிகம் போடவில்லை. ஓடாத படத்தின் பொம்மைக்குத்தான் இப்போது கிராக்கி. அது இல்லாவிட்டால் முன்பல் விழுந்த வாய் மாதிரி வரிசை இளிக்கும். விசாரித்து விசாரித்துக் கடைசியில் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

"தூசிகூடத் தட்டலையேம்மா. அருமையான பொருளை இப்படியா வச்சிருப்பாங்க?"

அவள் கோட்டையைத் தன் பக்கமாக மெல்ல நகர்த்திக்கொண்டாள்.

"நாலு பேர் பார்க்கட்டும்னுதான் சார் தர்றேன். பத்திரமாத் திரும்பி வரணும்."

"ஒரு கட்டை குறையாது. என் பொறுப்பு."

அவளே கோட்டையைத் தூக்கிக்கொண்டு கார் வரைக்கும் வந்தாள். பின்சீட்டில் வைத்து பெல்ட்கூடப் போட்டுவிட்டாள். 'இந்த அக்கறை தூசி தட்டுறதுல இல்லையே' என்று மனசுக்குள் நொடித்துக்கொண்டார் கையேட்டார்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கோட்டையைப் பிரித்தார். கட்டைகளைச் சோப்புத் தண்ணீரில் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, துண்டு விரித்துக் காயவைத்தார். பொம்மை கையில் இல்லாத காலத்திலேயே அதன் கையேட்டைத் தேடி வாங்கி வைத்திருந்த ஆள் அவர். பக்கம் பக்கமாகப் பார்த்துக் கட்டினார். பாலம் வாசலுக்கு வந்தது. டிராகன் வெளியே போனது. ராஜா கட்டிலில் ஏறினார்.

கண்காட்சி அன்று அக்காவும் தம்பியும் கூட்டம் சேருவதற்கு முன்பே வந்துவிட்டார்கள்.

கோட்டைக்கு முன்னால் அவள் அப்படியே நின்றுவிட்டாள். கை நீண்டது. தொடாமலே திரும்பியது.

"எப்படி?" என்றார் கையேட்டார், முகமெல்லாம் பல்லாக. "ஒண்ணுகூட விடாமக் கழுவியாச்சு. இப்பத்தான் கோட்டை கோட்டையா இருக்கு."

"யோவ், யாரைக் கேட்டுய்யா..." தம்பி பாய்ந்தான்.

அவள் அவன் கையை எட்டிப் பிடித்தாள்.

"சும்மா இருடா. சார் எவ்வளவு சிரமப்பட்டிருக்கார் பாரு."

"பையனைக் கூட்டிட்டு வரலையாம்மா?"

"வர முடியலை சார்."

"அடுத்த தடவை அனுப்புங்க. எப்படிக் கட்டணும்னு நானே உட்கார்ந்து சொல்லித் தர்றேன்."

"சரி சார்."

அடுத்தடுத்த மேசைகளைப் பார்த்தவள் மெதுவாகக் கேட்டாள். "இதுக்கப்புறமும் ரெண்டு படம் வந்துச்சா?"

"வந்துச்சே! ஆறாவதும் எடுக்கறாங்களாம்."

"அவன் மூணுதான் பார்த்தான்."

"மிச்சத்தையும் காட்டுங்கம்மா. எங்க ஓடிடப் போகுது?"

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, "இது உங்ககிட்டயே இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

கையேட்டாருக்குத் தலைகால் புரியவில்லை. தேடினாலும் கிடைக்காத பொருள், சும்மா கிடைத்திருக்கிறது! அந்தப் பெண்ணுக்கு அதன் அருமையே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார். இருந்தாலும் மனசு கேட்காமல் பின்னாலேயே ஓடினார். அவள் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள். தம்பிதான் படியில் அகப்பட்டான்.

"தம்பி, பையன் பேரைச் சொல்லுங்க. அன்பளிப்புன்னு அட்டையில எழுதி வைக்கிறேன். அவனுக்கும் பெருமையா இருக்கும்."

தம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தான். திட்டப் போகிறான் என்றுதான் கையேட்டார் நினைத்தார். ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது.

"அவன் இல்லை சார். நாலாவது படம் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறதுக்கு முதல் நாள் உட்கார்ந்து கட்டினது அது. டிராகனுக்குக் காய்ச்சல், அதான் ராஜா கட்டிலைக் குடுத்துட்டாருன்னு சொல்லிட்டே கட்டினான். அவன் விரல் பட்ட இடம்னு தூசி தட்டக்கூட அக்கா யாரையும் விடலை. அவன் கட்டினதை நாலு பேர் பார்க்கட்டும்னுதான் உங்ககிட்ட குடுத்தா."

கையேட்டார் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை... இப்பவாவது சொல்லியிருக்கலாமே தம்பி? நல்லா நாலு திட்டாவது திட்டியிருக்கலாமே?"

"இப்ப வெளியே வரும்போது நானும் அக்காகிட்ட அதைத்தான் கேட்டேன். 'வேணாம்டா, தெரிஞ்சா அந்த மனுஷன் இனிமே ஒரு கட்டையைக்கூடத் தொட மாட்டாரு, பாவம்'னு சொன்னா."