ரிக்கோத்தா தின்னாத ஆந்தைக்குஞ்சு

"கடவுளறிய உண்மையைச் சொல்லுங்கோ. இதுக்கு ஆர் மச்சம் குடுத்தது?"

பால்கனியில் குந்தியிருந்த இராசரத்தினம் திகைத்துப்போய் மனைவி இந்திராதேவியை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னப்பா, நான் உம்மட்டைக் கேக்க இருந்ததை நீர் என்னட்டைக் கேக்கிறீர்?"

இருவருக்கும் நடுவே, கம்பிவலை அடித்த பழப்பெட்டிக்குள் ஆந்தைக்குஞ்சு கண்ணை உருட்டிக்கொண்டிருந்தது. போன கிழமை, எதிரே இடிந்து கிடக்கும் வீட்டின் சுவரடியில் அது தனியே நின்றது. பறக்கத் தெரியவில்லை. 'தாய் தகப்பன் இல்லாத பிள்ளை' என்று இந்திராதேவி துவாயில் சுற்றித் தூக்கி வந்துவிட்டாள்.

அவள் வேலை செய்யும் வீட்டு எசமானியான சிஞ்ஞோரா, அநாதை விலங்குகளைப் பராமரிக்கும் காப்பகம் ஒன்றுக்கு உதவுபவர். "அங்கே இப்போது இடமில்லை, நீயே வைத்துப் பார். இறைச்சி கொடுக்காவிட்டால் செத்துவிடும்" என்று எச்சரித்திருந்தார்.

அங்கேதான் சிக்கல். பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி கிடைத்து இந்த நாட்டில் தங்க வழி பிறக்கும்வரை வீட்டுக்குள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வராது என்று இந்திராதேவி முருகனுக்கு நேர்ந்திருந்தாள். அதனால் குஞ்சுக்கு ரிக்கோத்தா என்ற பால்கட்டியும் அவித்த பருப்பும் வைத்தாள். குஞ்சு அதைத் தொடவேயில்லை. ஆனால் சாகவுமில்லை, நாளுக்கு நாள் கொழுத்தது!

"நீங்கள்தான் எனக்குத் தெரியாமல் குடுக்கிறியள். என்ரை நேர்த்தியைக் கெடுத்துப்போட்டியள்!"

"முருகன் மேலை சத்தியமா நானில்லை. நீர்தான் பாவம் பாத்துக் குடுக்கிறீராக்கும் எண்டு நினைச்சன்."

"அப்ப இது காத்தைக் குடிச்சே கொழுக்குது?"

இராசரத்தினம் பெட்டியின் மூலையில் கிடந்த சாம்பல்நிற உருண்டை ஒன்றைக் குச்சியால் வெளியே இழுத்தார். சிஞ்ஞோரா முன்பே விளக்கியிருந்தார்: ஆந்தை இரையை மெல்லாது, விழுங்கிவிடும். செரிக்காத எலும்பும் மயிரும் வயிற்றில் உருண்டையாகத் திரளும். பிறகு அதை வாயால் கக்கும். உருண்டையைப் பிய்த்தால், என்ன தின்றது என்று தெரிந்துவிடும்.

பிய்த்தார். உள்ளே மயிர். ஊசிபோல எலும்புகள். ஒரு சின்னத் தாடை.

"இஞ்சை பாரும், எலிப்பல்லு!"

"எலியோ?"

"நான் களவா இறைச்சி வாங்கினாலும், பல்லாறோச் சந்தையிலை எலி விக்கிறேல்லையப்பா!"

இந்திராதேவிக்குத் தலை சுற்றியது. கதவு பூட்டு. பெட்டிக்கு வலை. வீட்டிலோ எலியே கிடையாது.

"மேல்மாடிக் கிழவி கயிறு கட்டி இறக்குறாவோ?"

"அந்த மனுசி எலியைக் கண்டால் ஏழு வீட்டுக்குக் கேக்கக் கத்தும்."

"அப்ப ஆர்?"

"பொழுதுபடட்டும். ஒளிச்சிருந்து பாப்பம்."

சூரியன் விழுந்ததும் இருவரும் திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சடக்கி நின்றார்கள். குஞ்சு திடீரெனக் கத்தத் தொடங்கியது. இடிந்த வீட்டுச் சுவரிலிருந்து ஏதோ ஒன்று ஓசையில்லாமல் பறந்துவந்து பெட்டிமேல் இறங்கியது.

ஒரு பெரிய ஆந்தை. அலகில் ஒரு சுண்டெலி. அதை வலைக்கண்ணுக்குள்ளால் மெல்லத் தள்ளிக் குஞ்சுக்கு ஊட்டியது.

இந்திராதேவி தலையில் கை வைத்தாள்.

"ஐயோ, உயிரைக் காப்பாத்துறன் எண்டு நான் பாத்தது பிள்ளைபிடிகாரியின்ரை வேலையப்பா!"