வெளிர் மஞ்சள்

கணினி நிரல்களைப் படித்துப் பிழை தேடும் கருவி ஒன்று இருந்தது. அதற்குக் கண் உண்டு, முகம் இல்லை. கண்டதைக் காட்ட அதன் நெற்றியில் ஒரு பலகையைச் செருக வேண்டும். பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகலாம்.

முன்பிருந்த பலகை எல்லாப் பிழைகளையும் சிவப்பில் காட்டியது. நிரல் எழுதியவர்கள் முகம் சுளித்து அதைக் கழற்றி எறிந்தார்கள். அந்தச் சூடு ஆறாத இடத்தில்தான் புதுப் பலகை வந்து உட்கார்ந்தது.

"தம்பி, நிரலோட அடியில பெரிய விரிசல். சிவப்புப் போடு," என்றது கருவி.

"போட்டா என்னையும் கழட்டிடுவாங்களே, அண்ணே. மஞ்சள் போடட்டுமா?"

"விரிசல் வளருதுடா!"

"அதான் எனக்குப் பயமா இருக்கு," என்ற பலகை, மஞ்சளை இன்னும் கொஞ்சம் வெளிற வைத்தது. பார்த்தவர்கள், கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள்.

ஒருநாள் நிரல் பொலபொலவென்று சரிந்தது.

"இந்தக் கருவிக்குக் கண்ணே தெரியலை," என்று அதைத் தூக்கிப் போட்டார்கள். பலகையை மட்டும் பத்திரமாகக் கழற்றி, புதிய கருவியின் நெற்றியில் செருகினார்கள்.

புதிய கருவி படிக்கத் தொடங்கியது. பலகை மெல்லக் கெஞ்சியது.

"அண்ணே, பெரிசா எதையும் கண்டுபிடிச்சிடாதீங்க."