நாலாவது ஆள்

"அந்தா பாருங்க காக்கா, மறுபடியும் உக்காந்துட்டான்!"

பந்தலில் பரிமாறிக்கொண்டிருந்த சுஐபு கைகாட்டிய பக்கம், ஊரே அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் வாவு முகம்மது பார்த்தார். வலை பின்னுகிற ஹமீது! ஒல்லிக்குச்சி உடம்பு, முகமெல்லாம் சிரிப்பு. பெரிய சஹன் தட்டைச் சுற்றி மூன்று பேரோடு நாலாவது ஆளாகச் சம்மணம் போட்டிருந்தான்.

"போன பந்தியிலயும் இருந்தானே?"

"அதுக்கு முந்தின பந்தியிலயும் இருந்தான். வயிறா, தோணியான்னு தெரியலை."

வாவு முகம்மதுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மச்சான் ஹாஜா முகைதீன் வீட்டுக் கல்யாணம். பந்திப் பொறுப்பு முழுக்க அவர் தலையில். அரிசி ரேஷனில் இருந்த காலம். ஊர் ஊராக அலைந்து, கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்த அரிசி. கடைசிப் பந்திக்குச் சோறு பத்தவில்லையென்றால் புதுமடத்தில் தலைகாட்ட முடியாது.

அதனால்தான் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். சஹனுக்கு நாலு பேர். நாலு பேர் சேர்ந்தால்தான் தட்டு. மூன்று பேருக்கு வைத்தால் ஒரு ஆள் சோறு வீண்.

சட்டம் போட்டவர் முதல் பந்தியிலேயே நெஞ்சுமுட்டச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டபடிதான் மேற்பார்வை பார்த்தார் என்பது வேறு விஷயம்.

பந்தி எழுந்தது. ஹமீது கையைக் கழுவினான். வீட்டுக்குப் போவான் என்று பார்த்தால், வேறு மூன்று பேரோடு போய் அடுத்த பந்தியிலும் உட்கார்ந்துவிட்டான்!

வாவு முகம்மது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே போனார்.

"ஏலே, எந்திரி!"

"என்ன காக்கா?"

"என்ன காக்காவா? ஒருத்தனே பந்தி பந்தியா உக்காந்து தின்னா மத்தவுக மண்ணையா திம்பாக? வெக்கமா இல்லை?"

பந்தலே திரும்பிப் பார்த்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹமீதின் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் எழுந்துகொண்டான்.

"சரி காக்கா, போறேன். இவுகளுக்குத் தட்டு வந்துரணும்."

"அது எனக்குத் தெரியும். நீ கெளம்பு."

ஊர்ச் சோற்றைக் காப்பாற்றிய பெருமையில் வாவு முகம்மது தாடியைத் தடவிக்கொண்டார். மற்ற இடமெல்லாம் தட்டு வந்தது. அங்கே மட்டும் வரவில்லை.

"ஏம்ப்பா சுஐபு, இங்கன வைக்கலை?"

"மூணு பேர்தானே இருக்காக. நாலாவது ஆள் எங்க காக்கா? நீங்க போட்ட சட்டம்தானே?"

அப்போதுதான் அந்த மூன்று பேரையும் சரியாகப் பார்த்தார். அபிராமம் பக்கம் மழை பொய்த்ததில், பிழைப்புத் தேடிக் கடற்கரைக்கு வந்து உப்பு மூட்டை தூக்குகிறவர்கள். கிழிந்த கைலி. உடம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது. கல்யாணம் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள்.

"யாராச்சும் ஒரு ஆள் இங்கன வாங்கப்பா!"

ஒருவர் தன் புதுச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். இன்னொருவர், "நம்ம ஆளுக வரட்டும், சேர்ந்து உக்காந்துக்கிறோம்" என்றார். மூன்றாமவருக்குத் திடீரென்று வாசலில் வேலை வந்துவிட்டது.

தட்டுக்குக் காத்திருந்த மூவரில் பெரியவராக இருந்தவர் மெல்ல எழுந்தார். "பரவாயில்லை மொதலாளி, நாங்க இன்னொரு நாளைக்கு வாரோம்."

இன்னொரு நாளைக்கு என்ன, இங்கே தினமுமா கல்யாணம் நடக்கிறது? வாவு முகம்மதுவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"உக்காருங்க பெரியவரே. நான் இருக்கேன்." தானே உட்கார்ந்துவிட்டார்.

சஹன் வந்தது. நெய்ச்சோறும் கறியும் மணத்தன. மற்ற மூவரும் ஆவலாகக் கை வைத்தார்கள். வாவு முகம்மதுவுக்கோ தொண்டைவரை சோறு. வேறு வழியில்லாமல் கையைத் தட்டில் வைத்துக்கொண்டு, கறியைப் பிய்த்துப் பெரியவர் பக்கம் தள்ளினார்.

பெரியவர் சிரித்தார். "நீங்களும் அந்தத் தம்பி மாதிரியே பண்ணுறீகளே!"

"எந்தத் தம்பி?"

"இப்ப எந்திரிச்சுப் போனாரே, அவருதான். நாங்க வெளிய கூசிப்போய் நின்னோம். கூட ஆள் சேர்ந்தாத்தான் தட்டு வருமாம்ல. அவருதான் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து உக்கார வச்சாரு. முன்னாடி பந்தியில எங்க ஆளுகளோடயும் அவருதான் உக்காந்தாரு. கறியப்பூரா அவுக பக்கம் தள்ளிவிட்டாராம். அவரு ஒரு வாய்கூட வைக்கலையாம்."

வாவு முகம்மதுவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அப்படியானால் அவன் இன்னும் பசியோடா இருக்கிறான்? அத்தனை பேர் முன்னால் என்ன பேச்சுப் பேசிவிட்டோம்!

அவர்கள் சாப்பிட்டு எழுந்ததும் நல்ல கறித்துண்டாகப் பார்த்து ஒரு தட்டு நிறையப் போட்டு, துணி மூடி, தானே சுமந்துகொண்டு ஹமீது வீட்டுக்கு நடந்தார். ஹமீது வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, மனசுல வச்சுக்காதடா. தெரியாமப் பேசிட்டேன். எங் கண்ணு முன்னால சாப்பிடு, அப்பத்தான் எனக்கு நிம்மதி."

"அய்யோ, எதுக்குக் காக்கா நீங்க தூக்கிக்கிட்டு? வச்சுட்டுப் போங்க, பெறகு சாப்பிடுறேன்."

"பெறகு என்ன பெறகு?" வாவு முகம்மது தானே ஒரு கவளம் எடுத்து அவன் வாயருகே கொண்டுபோனார். ஹமீது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னுமாடா கோவம்?" கவளத்தை இறக்காமலே கேட்டார்.

கதவோரம் நின்ற ஹமீதின் மனைவி நஸீராவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"கோவமெல்லாம் இல்லை காக்கா. வெளிய சொல்லக் கூடாதும்பாக. இன்னைக்கு வியாழக்கிழமையில்ல? வியாழன் தவறாம இவுக நோன்பு. பொழுது சாஞ்சு பள்ளிவாசல்ல தொழுகைக்கு வாங்கு சொன்னாத்தான் பச்சத் தண்ணியே குடிப்பாக."