சூட்கேஸோடு கிளம்பிய என்ஜினீயர்

பழைய அணை பத்திரமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிற என்ஜினீயர், அந்த அணைக்கு அடியிலேயே குடும்பத்தோடு குடியிருக்க வேண்டும் என்று சட்டம் வந்து எட்டு வருடமாகிறது. அதன்பின் ஊர்க்காரர்கள் நூற்றுப்பத்து வயதான அணையைப் பார்ப்பதே இல்லை. என்ஜினீயர் குணசீலன் வீட்டைத்தான் பார்ப்பார்கள். கொடியில் அவருடைய பனியன் காய்ந்தால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கும்.

அன்று காலை குணசீலனும் மனைவி வடிவும் ஒரு சூட்கேஸோடு கிளம்பினார்கள். பஸ் நிறுத்தத்தை அடைவதற்குள் பின்னால் ஊரே மூன்று டிராக்டர்களில், பாத்திரம், கட்டில், ஆடு சகிதம் வந்து நின்றது.

"ஐயோ, அணை நல்லாத்தான் இருக்கு! எம் பொண்ணுக்குப் பிரசவம், அதுக்குப் போறோம்!" என்று கத்தினார் குணசீலன்.

ஆட்டைப் பிடித்திருந்த பாண்டீஸ்வரி இறங்கி வந்தாள். "தலைப்பிரசவமா சார்?"

"ஆமாம்மா."

"அது தாய்வீட்லதானே பாக்கணும்? புள்ளய இங்க கூட்டியாராம நீங்க ஏன் அங்க போறீங்க?"

குணசீலன் வாயைத் திறந்தார். இங்கே ஆஸ்பத்திரி இல்லை என்று சொல்ல முடியாது. அது பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்தது. மருமகன் விடவில்லை என்றும் சொல்ல முடியாது. பாவம், இங்கே அனுப்பி வைக்கட்டுமா என்று அவர் இரண்டு முறை கேட்டார். இவர்தான் வேண்டாம் என்றார். ஏன் அப்படிச் சொன்னார்? போன மாதம் கையெழுத்துப் போட்டபோது அளவுகள் எல்லாம் சரியாகத்தானே இருந்தன?

"ஆமா, ஏங்க வேண்டாம்னீங்க?" என்றாள் வடிவு.

"தெரியல வடிவு."

வடிவையும் சூட்கேஸையும் டிராக்டரில் ஏற்றிவிட்டு, அணையை இன்னொரு முறை பார்த்துவிட்டு வர அவர் தனியாக நடந்தார்.