தப்பு மாஸ்டர்

“எழுந்திருங்க. பையை எடுத்துக்கிட்டு வெளியில போங்க.”

டீச்சர் சொன்னதும் வகுப்பில் சிரிப்பு நின்றுபோனது.

நூலகத்தில் குழந்தைகள் பிரிவு அது. சாயங்காலமானால் அதே குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். சொல்லிக்கொடுக்கும் டீச்சர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே சம்பளம் கிடையாது. ஆனாலும் கண்டிப்பில் ஒரு குறையும் வைக்க மாட்டார்.

வெளியில் போகச் சொன்னது ஒரு பெரியவரை. அவர் வந்து சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் அந்தப் பெரியவர் டீச்சரின் பிராணனை வாங்கிவிட்டார்.

யார் முதலில் படிக்கிறீர்கள் என்று கேட்க வேண்டியதுதான், அவர் கை முந்திக்கொண்டு மேலே போகும். படிப்பதோ படு தப்பு. வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். அவரும் கொஞ்சம்கூட வெட்கப்படாமல் கூடச் சேர்ந்து சிரிப்பார். தப்பு மாஸ்டர் என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

ஒரு பக்கம் இவர், இன்னொரு பக்கம் வாயே திறக்காத சிலர். டீச்சருக்கு எரியுமா எரியாதா? இடம் கிடைக்காமல் எத்தனையோ பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இன்றைக்குக் கறாராகச் சொல்லிவிட்டார். வாய்விட்டுப் படிக்காதவர்கள் நாளையிலிருந்து வர வேண்டாம்.

பாடம், மாத்திரை சாப்பிடும் முறை. பலகையில், ‘இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை’ என்று எழுதியிருந்தது. தப்பு மாஸ்டர் எழுந்து, “இரவு சாப்பாட்டுக்குப் பதில் ஒரு மாத்திரை” என்று படித்துவிட்டு உட்கார்ந்தார்.

“அப்ப ராத்திரி சமைக்கிற வேலை மிச்சம்” என்றார் பின்னாலிருந்து ஒருவர். அறையே அதிர்ந்தது. அப்போதுதான் டீச்சர் அவரை வெளியே போகச் சொன்னார்.

“இது என்ன கூத்து மேடையா? உங்களால மத்தவங்க படிப்பும் கெட்டுப்போகுது.”

பெரியவர் பையை எடுத்தார். ஆனால் நகரவில்லை.

“டீச்சர், அடுத்து இந்தத் தங்கச்சி படிக்கணும். அது முடிஞ்சதும் போயிடறேனே.”

“அவங்க படிக்கிறதுக்கும் நீங்க இருக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? கிளம்புங்க.”

போய்விட்டார்.

அடுத்த நாற்காலியில் தையல்கார அம்மா. சேர்ந்த நாளிலிருந்து வகுப்பில் வாயே திறந்ததில்லை. ஆனால் எதற்காக வருகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து புருஷன் வீடு திரும்பியிருந்தார். காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் இவள் மாற்றிக் கொடுத்துவிட்டாள். மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தத் தடவை அவர் பிழைத்ததே பெரிய விஷயம். பார்த்துச் சொல்ல வீட்டில் வேறு ஆள் கிடையாது.

“நீங்க படிங்கம்மா.”

எழுந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். இப்போது சிரிக்கவும் யாருமில்லை, சிரிக்க வைக்கவும் யாருமில்லை.

“முதல் எழுத்து என்ன? அதையாவது சொல்லுங்க.”

முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

“பேசாம நின்னா எப்படிம்மா? நான் எல்லாருக்கும் சொன்னதுதான் உங்களுக்கும்.”

“எனக்கு வராது டீச்சர். என் எடத்தை வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

டீச்சருக்குத் திக்கென்றது. மிரட்டினால் படிப்பார்கள் என்று நினைத்தாரே தவிர, நிஜமாகவே அனுப்புகிற எண்ணம் அவருக்கு இல்லை. இவள் இப்படியே வீட்டுக்குப் போனால் அந்த மனுஷன் கதி? பின்னாலேயே ஓடினார்.

வாசிப்பறை மூலையில் தையல்கார அம்மாவைத் தப்பு மாஸ்டர் நிறுத்தி வைத்திருந்தார். அவள் அன்றைக்குத்தான் கடையில் வாங்கியிருந்த புது மாத்திரை கவர் அவர் கையில் இருந்தது. மருந்துக் கடைக்காரர் அதன்மேல் பேனாவால் எழுதியிருந்ததைத் திக்கித் திக்கிப் படித்துக்கொண்டிருந்தார்.

“இரவு... சாப்பாட்டுக்கு... முன்...”

அவள் எட்டிப் பார்த்தாள். “முன் இல்லண்ணே.”

“முன்னுதாம்மா போட்டிருக்கு. எனக்குத் தெரியாதா?”

“நீங்க படிச்ச லட்சணம்தான் உள்ளயே பார்த்தோமே. அந்த மனுஷன் ஒரு தடவை செத்துப் பொழைச்சது போதாதா? இப்படிக் குடுங்க.”

வெடுக்கென்று கவரைப் பிடுங்கினாள். எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

“காலை... வெறும்... வயிற்றில்... ஒன்று. இரவு... சாப்பாட்டுக்கு... பின். பின்னுதான் போட்டிருக்கு. நல்லாக் கண்ணைத் திறந்து பாருங்க.”

போட்ட சத்தத்தில், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். தான் படித்துவிட்டோம் என்பதே அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. கவரை மறுபடி எடுத்து, முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தாள்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் வந்து நின்ற நூலகரிடம் மெல்லச் சொன்னார்.

“அந்தம்மா எவ்வளவு அழகாப் படிக்கிறாங்க பாருங்க. நாளைக்கு நானே போய்க் கூட்டிட்டு வர்றேன். ஆனா அந்தப் பெரியவர் இனிமே வேண்டாம். இவ்வளவு சொல்லிக் குடுத்தும் முன் எது, பின் எதுன்னு தெரியல. அவர் இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுக்கலாம்.”

நூலகர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு, அதான் உங்ககிட்டயும் சொல்லல. பத்திரிகை ஆபீஸ்ல ஆயுசு பூரா பிழை திருத்தி ரிட்டயர் ஆனவரு டீச்சர் அவரு. இந்த வகுப்புக்குச் சொல்லிக் குடுக்கறேன்னு உங்களுக்கு முன்னாடியே வந்து கேட்டவரு. போன வாரம் வந்து, வாயே திறக்காதவங்களுக்காக நானும் படிக்கிறவனா உட்கார்றேன்னுட்டாரு.”