மூலைக் குழி

"இடம் மாத்திக்கலாமா டோரின்? ஒரு பிளாஸ்க் டீ தர்றேன்," என்றார் பெர்சி.

"ஆறிப்போன டீக்கு யாரு மாத்துவா?"

"கூட ரெண்டு பிஸ்கட்."

"அதைத்தான் நேத்தே மழையில ஊறவச்சியே! போ, உன் குழியைப் பாரு."

பெர்சி முப்பது வருடம் சந்தையில் மீன் விற்றவர். படியாத பேரத்தை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். பெருமூச்சோடு தன் குழியில் மண்டியிட்டார்.

பதினான்கு நாளாக ஊர்க்காரர்கள் பத்துப் பேர் தேவாலயத்தின் பின்புறம் சின்னக் கரண்டிகளால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தை ஆண்ட சாக்சன் மக்கள் கட்டிய தேவாலயம் அடியில் இருக்கிறதாம். இதுவரை கிடைத்தது உடைந்த புகைக்குழாய்கள், பீங்கான் துண்டுகள், யாருடையதோ ஒரு பல்செட். எல்லாருக்கும் இடுப்பு கழன்றுபோயிருந்தது.

எழுபத்திரண்டு வயது டோரினுக்குக் கல்லறைகளை ஒட்டிய மூலைக் குழி. காலையில் முதல் ஆள் அவர்தான். மாலையில் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டுக் கடைசியாகப் போவதும் அவர்தான்.

"போன குளிர்காலத்துல வீட்டுக்காரர் போனதிலேர்ந்து நீ பாதி ஆளாயிட்டே. வீட்டுல கிடந்து தூங்கக் கூடாதா?" என்றார் பெர்சி.

"தூக்கம் வந்தாத்தானே."

அகழாய்வுத் தலைவி ஹெஸ்டர் பூட்ஸை இழுத்து இழுத்து நடந்து வந்தாள்.

"இன்னிக்கு நாலு மணியோட தோண்டற அனுமதி முடியுது. சுவர்க்கல்லு ஒண்ணே ஒண்ணு கண்ணுல பட்டாப் போதும். அடுத்த கோடையில அது போற வழியே தோண்டலாம். குறுக்கே இருக்கிற கல்லறைகளைக்கூட நகர்த்திக்கலாம்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. இல்லேன்னா என் ஆறு வருஷமும் மண்ணோட மண்ணு. டோரின், உங்க பக்கம் ஏதாவது?"

டோரின் முட்டிக்கடியில் போட்டிருந்த ரப்பர் மெத்தையில் இன்னும் அழுத்தி உட்கார்ந்தார்.

"வெறும் களிமண்தான் கண்ணு. இருந்தா உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லப்போறேன்?"

இந்த இடத்துக்கு வருமுன்பே, பன்னிரண்டு வருடமாகத் தன்னோடு தோண்டுகிறவர். ஹெஸ்டர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

நாலு மணி அடித்தது. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, ஹெஸ்டர் உள்ளங்கைகளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"நாளைக்கு வந்து மூடிடுவோம்," என்றாள்.

"என்னோடதை இப்பவே மூடிடறேன். நாளைக்கு முதுகு எழுந்திருக்குமோ என்னவோ," என்றார் டோரின்.

"ஒரு ஓட்டாஞ்சில்லுகூடக் கொடுக்காத குழி. அது மேல என்ன பாசம்!" என்று சொல்லிக்கொண்டே பெர்சி மதுக்கடைப் பக்கம் திரும்பினார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகு டோரின் மெத்தையைத் தூக்கினார்.

செதுக்கிய கற்கள் மூன்று, சுண்ணாம்புச் சாந்தோடு, நூல் பிடித்தாற்போல் நின்றன. அந்த வரிசை போகும் திசையிலேயே, ஆறடி தள்ளி, புல் இன்னும் சரியாகப் பிடிக்காத ஒரு கல்லறை.

டோரின் அந்தக் கற்களின் மேல் மண்ணைத் தள்ளினார்.

"நாற்பது வருஷம் ராத்திரி பூரா கண்ணு முழிச்சு ஊருக்கு ரொட்டி சுட்டே, லெனார்ட்," என்றார் கல்லறையைப் பார்த்து. "இப்பத்தான் படுத்திருக்கே. தூங்கு, யாரும் எழுப்ப மாட்டாங்க."